முதலில் விளக்கு, பிறகு கேமரா

வீட்டுக்குக் கேமரா வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, 'இது எத்தனை மெகாபிக்சல்?' என்றுதான். கடைக்காரரும் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டுகிறார்: 2, 4, 5, 8. எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. பெரிய எண் என்றால் படமும் தெளிவாக இருக்கும் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கி வருகிறோம். பகலில் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஆனால் கேமரா நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இரவில்தான். வாசல் கேட்டருகே ஆள் நடமாட்டம், மாடிப்படியில் காலடிச் சத்தம், தனியாக இருக்கும் அம்மா நடுராத்திரியில் எழுந்து குளியலறைக்குப் போவது என, நாம் பார்க்க விரும்பும் நேரமெல்லாம் வெளிச்சம் குறைந்த நேரம். அந்த நேரத்துப் பதிவைப் போட்டுப் பார்த்தால், முகம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறத் தீற்றல் மட்டும் நகர்ந்து போகிறது. வீட்டுக் கண்காணிப்புக் கேமரா உதவுமா உதவாதா என்பதைத் தீர்மானிப்பது பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிட, அதை மாட்டும் இடத்தின் வெளிச்சம்தான். விளக்கையும் இடத்தையும் முதலில் யோசித்துவிட்டு அதற்கேற்ற கேமராவைத் தேடினால் செலவும் குறையும், தேவைப்படும் நேரத்தில் படமும் கைகொடுக்கும்.

இதைப் புரிந்துகொள்ள, கேமரா எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் 1991ல் காபிப் பாத்திரம் ஒன்றை நோக்கி ஒரு கேமராவை வைத்தார்கள். 1993ல் அது இணையத்திலும் ஏறியது. வெப்கேமராவின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் படம் 128க்கு 128 புள்ளிகள், அதுவும் கறுப்பு வெள்ளையில். ஒரு மெகாபிக்சலில் அறுபதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனாலும் 2001 வரை அது வேலை செய்தது. ஏனென்றால் அங்கிருந்தவர்களின் கேள்வி, 'பாத்திரத்தில் காபி இருக்கிறதா?' என்பது மட்டுமே. அதற்கும் முன்பு, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர் தன் கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து வீட்டுக் கண்காணிப்பு அமைப்பு ஒன்றுக்கு 1966ல் விண்ணப்பித்து 1969ல் காப்புரிமை பெற்றார். வாசற்கதவின் துளைகள் வழியே ஒரு கேமரா வெளியே பார்க்கும். உள்ளே இருப்பவர் கதவைத் திறக்காமலே திரையில் ஆளைப் பார்த்துப் பேசலாம். அவருடைய கேள்வி, 'வந்திருப்பது யார்?' என்பது. 'ஏதாவது இருக்கிறதா?' என்பதற்கும் 'யார்?' என்பதற்கும் தேவைப்படும் படம் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டுக்கு இன்று சர்வதேசத் தர விதியிலேயே கணக்கு இருக்கிறது. காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 25 பிக்சல் கிடைத்தால் ஆள் இருப்பது தெரியும். 125 கிடைத்தால் ஏற்கெனவே பழகிய ஆளை அடையாளம் காணலாம். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 250 என்ற கணக்கில் அது ஏறத்தாழ 7.7 மீட்டர் அகலக் காட்சிக்குப் போதும். இங்கேதான் லென்ஸ் வருகிறது. வீட்டுக் கேமராக்களில் பரவலாக இருக்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 110 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். அந்த லென்ஸில் 7.7 மீட்டர் அகலம் என்பது கேமராவிலிருந்து மூன்று மீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே எட்டிவிடும். அதைத் தாண்டி நிற்கிறவர் படத்தில் இருப்பார். யாரென்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே கேமராவை 6 மில்லிமீட்டர் லென்ஸோடு வாங்கினால் அந்தத் தூரம் எட்டு மீட்டர் அளவுக்கு நீள்கிறது. ஆனால் பார்வையின் அகலம் சுருங்கிவிடும். ஆகவே, 'தெரு முழுக்கத் தெரிய வேண்டும், வருகிறவர் முகமும் தெரிய வேண்டும்' என்று ஒரே கேமராவிடம் இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது. கேட்டின் அகலத்தை மட்டும் பார்க்கும்படி ஒன்றைக் குறுகலாக வைப்பது, வீட்டு முகப்பு முழுவதையும் அளக்கும் பெரிய எண் கேமராவைவிடப் பயன் தரும்.

மேலே சொன்ன கணக்கெல்லாம் நல்ல வெளிச்சத்துக்கு உரியது. உச்சிவெயிலில் தரையில் விழும் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். இரவில் விளக்குப் போட்ட கூடத்தில் 50 முதல் 150 லக்ஸ். முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவுதான். தெருவிளக்கின் ஓரச் சிதறல் மட்டும் எட்டும் வராந்தாவில் ஒரு லக்ஸ் இருந்தால் அதிகம். அதாவது, பகலில் கிடைத்ததில் லட்சத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அதே கேமரா அதே ஆளை அடையாளம் காட்ட வேண்டும். அந்தச் சிறு ஒளியை வாங்கிக்கொள்வது சென்சார் எனப்படும் சில்லு. பரவலாக விற்கும் கேமராக்களில் இதன் அளவு 1/2.8 அங்குலம் என்று குறிக்கப்படும். இதே அளவுச் சென்சாரில் 2 மெகாபிக்சலும் செய்கிறார்கள், 8 மெகாபிக்சலும் செய்கிறார்கள். முதலாவதில் ஒரு பிக்சலின் பக்கம் 2.9 மைக்ரான் என்றால், இரண்டாவதில் 1.45 மைக்ரான். பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசி. மழை பெய்யும் முற்றத்தில் ஓர் அண்டா வைக்கும் இடத்தில் நான்கு சின்னப் பாத்திரங்களை வைத்ததுபோல, விழும் மொத்த மழை அதேதான். ஒவ்வொன்றிலும் சேர்வது குறைகிறது. அடைமழையில் எல்லாப் பாத்திரமும் நிரம்பிவிடும். தூறலில் அடி நனைவதோடு சரி. இருட்டில் 8 மெகாபிக்சல் படம் புள்ளி புள்ளியாகக் கலங்கித் தெரிவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, பெட்டியில் மெகாபிக்சலுக்கு அடுத்த வரியில் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு விவரங்களைத் தேடிப் படியுங்கள். ஒன்று சென்சாரின் அளவு. 1/1.8 அங்குலச் சென்சாரின் பரப்பு 1/2.8 அங்குலத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பின்னத்தின் கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் சென்சார் பெரிது. இரண்டாவது, லென்ஸின் திறப்பு. எஃப் என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். இதுவும் சிறிதாக இருக்க இருக்க நல்லது. எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 2.4க்குப் பதில் எஃப் 1.6 எடுத்தாலே இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். இவற்றுக்குப் பதிலாகப் பலர் நம்புவது '0.001 லக்ஸ்' என்பதுபோன்ற குறைந்தபட்ச ஒளி அளவை. அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கேற்ற நிபந்தனைகளில் அளக்கிறது; எவ்வளவு நேரம் ஒளியைச் சேகரித்தார்கள், எந்த அளவு கலங்கலைச் 'சரியான படம்' என்று ஏற்றுக்கொண்டார்கள் என்பதெல்லாம் பெட்டியில் இருக்காது. '0 லக்ஸ்' என்று போட்டிருந்தால் கேமராவின் சொந்த அகச்சிவப்பு விளக்கு எரியும்போது என்று பொருள். இரண்டு நிறுவனங்களின் லக்ஸ் எண்களை ஒப்பிட்டு வாங்குவதில் பயனில்லை.

ஒளி போதாத கேமரா என்ன செய்கிறது என்று பார்த்தால் இந்த எண்களின் பலவீனம் இன்னும் விளங்கும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியைச் சேகரிப்பது, கிடைத்த சிக்னலை மின்னணு முறையில் பெருக்குவது, அடுத்தடுத்த படங்களைக் கலந்து கலங்கலைத் துடைப்பது. மூன்றுக்கும் விலை உண்டு. சாதாரணமாக நடக்கிறவர் நொடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறார். நொடியில் 25ல் ஒரு பங்கு நேரம் கேமரா கண் திறந்திருந்தால், அதற்குள் அவர் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். மனித முகத்தின் அகலமே 15 சென்டிமீட்டர் அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுபட்டால் மூக்கும் கண்ணும் எங்கே தெரியும்? நொடியில் 12ல் ஒரு பங்கு வரை தாழ்த்தும் கேமராக்களும் உண்டு. அவற்றில் நடக்கிறவர் புகைபோலத் தெரிவார். படங்களைக் கலந்து துடைக்கும்போது அசையாத சுவரும் செடித்தொட்டியும் பளிச்சென்று இருக்கும். அசைகிற மனிதர் மட்டும் பேயுருவாக மாறுவார். விளம்பரங்களில் இருட்டிலும் வண்ணமயமாக மின்னும் தோட்டமும் நிறுத்திவைத்த காரும் நம்மை மயக்குவது இதனால்தான். அந்தப் படத்தில் எதுவும் நகர்வதில்லை. கடையிலோ நண்பர் வீட்டிலோ மாதிரி பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், இரவில் ஒருவர் சாதாரண வேகத்தில் நடந்து போகும் பதிவைக் கேளுங்கள். அதை நடுவில் நிறுத்தி முகம் தெரிகிறதா என்று பாருங்கள். வாங்கும் முன் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நேர்மையானது வேறில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: இந்தத் தொல்லைக்குத்தானே அகச்சிவப்பு விளக்கு இருக்கிறது? உண்மை, முழு இருட்டில் அதுவே கைகொடுக்கிறது. மாலையில் ஒளி குறைந்ததும் கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பகலில் அகச்சிவப்பைத் தடுத்து நிறங்களைச் சரியாகக் காட்டும் வடிகட்டி விலகிக்கொள்ளும் சத்தம் அது. பிறகு லென்ஸைச் சுற்றியுள்ள சிறு எல்இடிகள் நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியை வீச, படம் கறுப்பு வெள்ளையாக மாறும். 850 நானோமீட்டர் வகையில் மங்கிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 வகையில் எதுவும் தெரியாது, ஆனால் சென்சார் அந்த ஒளியைக் குறைவாகவே உணர்வதால் எட்டும் தூரம் குறையும். வீட்டுக்குள் 940ம் வாசலுக்கு 850ம் பொருந்தும். ஆனால் அகச்சிவப்பும் ஒளிதானே. தூரம் இரண்டு மடங்கானால் அதன் பலம் கால்வாசியாகிவிடும். '30 மீட்டர்' என்று பெட்டியில் இருந்தால், அந்தத் தூரத்தில் ஏதோ அசைவது தெரியலாம். ஆள் யாரென்று தெரியும் என்று அர்த்தமில்லை. மிக அருகில் வந்தவர் முகம் வெளுத்துப்போகும். சட்டையின் நிறம், வண்டியின் நிறம் தெரியாது. வண்டி எண் பலகை ஒளியைத் திருப்பி அடிப்பதால் வெறும் வெள்ளைச் சதுரமாகும். போலீசில் புகார் கொடுக்கும்போது முதலில் கேட்கப்படும் விவரங்களே இவைதான்.

நம் வீடுகளின் அமைப்பும் அகச்சிவப்புக்குச் சில இடைஞ்சல்களைத் தருகிறது. போர்ட்டிகோவின் கூரையை ஒட்டி, வெள்ளையடித்த சுவரின் மூலையில் கேமராவை மாட்டுவது நமக்குப் பழக்கம். பக்கத்துச் சுவர் அகச்சிவப்பைத் திருப்பி அடிக்க, 'இங்கே வெளிச்சம் நிறைய இருக்கிறது' என்று கேமரா எடுத்துக்கொண்டு முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும். சுவர் பளபளக்கும், கேட் கறுத்துப்போகும். மழைக்குப் பயந்து கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தாலோ, தன் எல்இடிகளின் பிரதிபலிப்பையே கேமரா இரவெல்லாம் படம் பிடிக்கும். இந்த விளக்கொளியில் பூச்சிகள் பறந்தால் கேமராவுக்கு மிக அருகில் இருப்பதால் பந்துபோல மின்னும். பூச்சியைத் தேடிப் பல்லி வரும். சிலந்தி வலை கட்டும். காற்றில் ஆடும் ஒற்றை ஒட்டடை நூல் இரவு முழுக்க 'ஆள் நடமாட்டம்' என்று கைபேசியை அலறவைக்கும். நாலு நாள் பொய் அலாரம் வந்தால் ஐந்தாம் நாள் அறிவிப்பை அணைத்துவிடுவோம். அதோடு கேமராவின் பாதிப் பயனும் போய்விடும். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டுவது, மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்து ஒட்டடை எடுப்பது, மனித உருவத்தைப் பிரித்தறியும் வசதி உள்ள கேமராவைத் தேர்ந்தெடுப்பது ஆகிய மூன்றும் இதற்குப் போதுமான மருந்து.

இத்தனை இடர்களையும் பெருமளவு தீர்க்கும் பொருள் எந்தக் கடையிலும் கிடைக்கிறது: ஒரு 9 வாட் எல்இடி பல்பு. தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றேகால் யூனிட் மின்சாரம்தான் ஆகும். அது வாசலில் எரிந்தால் கேமரா வண்ணத்திலேயே படம் எடுக்கும், கண் திறந்திருக்கும் நேரம் குறையும், முகம் இழுபடாது, கலங்கல் குறைவதால் பதிவு அடைக்கும் இடமும் குறையும். விளக்கை மாட்டும் இடம் முக்கியம். கேமராவுக்கு நேர் எதிரே மாட்டினால் வருகிறவர் நிழலுருவாகத் தெரிவார். கேமராவின் பக்கவாட்டிலோ அதற்குப் பின்னாலோ இருந்து, வருகிறவர் முகத்தில் ஒளி விழ வேண்டும். பகலிலும் இதே சிக்கல் உண்டு. உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவுக்கு வெளிவெயில் கண்ணைக் கூசவைக்கும். அங்கே டபிள்யூ.டி.ஆர். என்ற வசதி தேவை. வெளிச்சமான பகுதிக்கும் இருண்ட பகுதிக்கும் தனித்தனியாகப் படமெடுத்து இணைப்பது அது. அமைப்புப் பட்டியலில் மின்சார அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸ் என்று வைக்கவும் மறக்கக் கூடாது. நம் மின்சாரம் 50. கேமரா 60ல் இருந்தால் படத்தில் பட்டைபட்டையாக ஒளி ஓடும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. 'பகலில் பெரிய எண் உதவத்தானே செய்கிறது?' என்றால், ஆம். 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் மூன்று மீட்டருக்குள் முடிந்த அடையாளத் தூரம், 8 மெகாபிக்சலில் ஐந்தரை மீட்டர் அளவுக்கு நீளும். கடை முன்பு, குடியிருப்பின் வாகன நிறுத்தம் போன்ற நன்கு விளக்கிட்ட இடங்களில் அதற்குப் பணம் கொடுப்பது தகும். அப்போதும் பெரிய சென்சாரோடு சேர்ந்த 8 மெகாபிக்சலைத்தான் தேட வேண்டும். 'இரவெல்லாம் விளக்கெரிந்தால் தூக்கம் கெடாதா, அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டாரா?' என்பதும் சரியான கேள்வி. அதற்கு ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு இருக்கிறது. தரையை நோக்கி மறைப்போடு மாட்டினால் ஒளி எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போகாது. அசைவு தெரிந்ததும் தன் வெள்ளை விளக்கைத் தானே போடும் கேமராக்களும் உண்டு. 'வெளிச்சம் போட்டால் திருடனுக்கும் வழி தெரியுமே' என்பார் சிலர். அவனிடம் டார்ச் இருக்கும். விளக்கெரியும் வாசலில் நிற்கிறவனைத் தெருவில் போகிறவரும் எதிர்வீட்டாரும் பார்க்க முடியும் என்பதே அவனுக்கு இடைஞ்சல். விளக்கே போட முடியாத இடமும் உண்டுதான்: தோப்பு, மாட்டுத்தொழுவம், பம்ப்செட் அறை. அங்கே அகச்சிவப்புதான் வழி. அதன் எல்லைகளைத் தெரிந்துகொண்டு, கேமராவை நெருக்கமாக வைக்க வேண்டும்.

திருட்டு பயத்தைவிட இன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கேமரா வாங்கவைப்பது தூரம். பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெற்றோர் ஊர்வீட்டில் தனியாக இருக்கிறார்கள். அம்மா இரவில் எழுந்து விழுந்துவிடுவாரோ என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலைக்கும் முதல் மருந்து விளக்குதான். கட்டிலிலிருந்து குளியலறைவரை கணுக்கால் உயரத்தில், ஆள் அசைந்தால் எரியும் சிறு விளக்குகளை ஒட்டினால், வயதானவர் கண்கூசாமல் வழியைப் பார்த்து நடக்கலாம். விழுந்த பிறகு பார்ப்பதற்கு உதவும் பொருளுக்கு முன்னால், விழாமல் இருக்க உதவும் பொருளுக்குச் செலவழிப்பதே முறை. அந்த வெளிச்சத்திலேயே நடைவழியைப் பார்க்கும் 2 அல்லது 3 மெகாபிக்சல் உள்ளரங்கக் கேமரா ஒன்று போதும். 'எழுந்தாரா, திரும்பி வந்தாரா?' என்ற கேள்விக்கு அதற்குமேல் தேவையில்லை. படுக்கையறையிலும் குளியலறையிலும் கேமரா கூடாது. வைக்கும் முன் அவர்களிடம் கேட்க வேண்டும்; எதை யார் எப்போது பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டும்; விருந்தாளி வந்தால் மூடிவைக்கும் உரிமை அவர்கள் கையில் இருக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017ல் தீர்ப்பளித்தது. சேர்ந்து குடியிருப்பவர்களின் சம்மதமின்றி வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைத்த வழக்கில் கொல்கத்தா உயர்நீதிமன்றமும் 2025ல் இதே வழியில் தீர்ப்புச் சொன்னது. பெற்ற பிள்ளை என்பதால் இந்த மரியாதை தளர்ந்துவிடாது. வீட்டு வேலை செய்ய வருகிறவருக்கும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுவதே நேர்மை.

'புதிதாக ஏன் வாங்க வேண்டும், கணினியில் மாட்டும் வெப்கேமரா இருக்கிறதே' என்று நினைப்பவர்களும் உண்டு. அது அரை மீட்டர் தூரத்தில், விளக்கெரியும் மேசையில் உட்கார்ந்திருக்கும் முகத்துக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலானவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி நிரந்தரமாக ஒட்டியிருப்பதால், தனியாக அகச்சிவப்பு விளக்கு வாங்கி வைத்தாலும் பயன் இராது. கணினியும் இரவு பகலாக ஓட வேண்டும். பழைய ஸ்மார்ட்போனைச் செயலி போட்டுக் கேமராவாக்குவது இதைவிட மேல். விளக்கெரியும் அறையில் தொட்டில் குழந்தையை ஓரிரு மணி நேரம் பார்த்துக்கொள்ளப் போதும். ஆனால் எப்போதும் சார்ஜரிலேயே கிடந்தால் பழைய பேட்டரி சூடாகி உப்பும். நிரந்தரக் காவலுக்கு அது உகந்ததல்ல. கேமரா எதுவானாலும் மின்சாரமும் இணையமும் நின்றால் வெளியூரிலிருந்து அதைப் பார்க்க முடியாது. இன்வெர்ட்டர் இணைப்பில் விளக்கும் மின்விசிறியும் இருக்கும். வைஃபை ரவுட்டரும் கேமராவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் தொடர்ந்து பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். 128 ஜிபி மெமரி கார்டு ஆறு நாளில் நிரம்பி, பழையதன்மேல் புதியது பதியத் தொடங்கும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வருகிறவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட வேண்டும். திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் போய்விடும் என்பதால், முக்கியமான அசைவுப் பதிவுகளாவது வீட்டுக்குள் இருக்கும் ரெக்கார்டரிலோ இணையச் சேமிப்பிலோ ஒரு நகல் இருப்பது நல்லது.

பெட்டியில் எழுதாத இன்னொன்றும் உண்டு: கேமராவின் வழியே வேறு யாரெல்லாம் பார்க்கலாம் என்பது. அமெரிக்காவில் டிரெண்ட்நெட் என்ற நிறுவனம் 'பாதுகாப்பானது' என்று விளம்பரப்படுத்தி விற்ற வீட்டுக் கேமராக்களில் ஏறத்தாழ 700ன் நேரலைக் காட்சிகள் இணையத்தில் கசிந்தன. தொட்டிலில் தூங்கும் குழந்தைகளையும் யார்யாரோ பார்த்தார்கள். 2013ல் அந்நாட்டின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் தேடித் தேடிக் கைப்பற்றியது. அதற்குத் தேவைப்பட்டது அறுபது சொச்சம் கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே. அவ்வாறு சேர்ந்த படையைக் கொண்டு அந்த அக்டோபரில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே பலருக்குக் கிடைக்காமல் செய்தார்கள். இந்தியாவில் 2024ல் அறிவிக்கப்பட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். ஆகவே அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கைத் தவிருங்கள். மாட்டிக் கொடுக்கிறவர் தன் கைபேசியில் கணக்கைத் தொடங்கினால் தடுத்து, உங்கள் எண்ணில் தொடங்கச் சொல்லுங்கள். அவர் போனதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஓடிபி கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். நிறுவனம் அனுப்பும் மென்பொருள் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

முடிவாக, வாங்கும் வரிசையைச் சொல்லிவிடலாம். இன்றிரவு பத்து மணிக்கு வாசலில் நின்று, வருகிறவர் முகம் உங்கள் கண்ணுக்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் முதல் செலவு விளக்குக்கு. அடுத்து, எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், எத்தனை மீட்டர் தூரத்தில் வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2 முதல் 4 மெகாபிக்சலுக்குள், சென்சார் பெரிதாகவும் எஃப் எண் சிறிதாகவும் உள்ள கேமராவை, அந்தத் தூரத்துக்கேற்ற லென்ஸோடு தேடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். மெகாபிக்சலுக்காகக் கொடுக்க நினைத்த மிச்சப் பணத்தில் ரவுட்டருக்கு ஒரு சிறு யூபிஎஸ்ஸும், அம்மாவின் கட்டிலருகே ஒரு சென்சார் விளக்கும் வாங்குங்கள்.